ஆடிக் காற்றில் இராமேஸ்வரம் சாலை: கூட்டமாக சைக்கிள் ஓட்டும் கணக்கு

மதுரையிலிருந்து இராமேஸ்வரம் சுமார் 170 கி.மீ. வழியில் பெரிய ஏற்றம் கிடையாது. ஆளைச் சோர்த்துவிடுவது காற்றுதான். சமதரையில் மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் செல்பவரின் உழைப்பில் பாதிக்கு மேல் காற்றை விலக்கவே போய்விடும். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால் உடம்பில் மோதுவது 40 கி.மீ. காற்று. தடை இரண்டரை மடங்காகிவிடும்.

முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னே கொஞ்சம் காற்று அவரோடு சேர்ந்தே இழுபட்டு வரும். அதற்குள் ஓட்டுபவருக்குத் தடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். பந்தயக்காரர்கள் ஒரு சாண் இடைவெளிவரை நெருங்குவார்கள். நெடும்பயணத்தில் ஒரு மீட்டர் விடுவதே சரி. முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. உரசினால் ஹேண்டில் திருப்பிச் சமாளிக்க வழியின்றிப் பின்னவர்தான் விழுவார். எழுந்து நின்று மிதிக்கப் போகிறவர் முன்கூட்டியே குரல் கொடுக்க வேண்டும். எழும் கணத்தில் அவர் சைக்கிள் சற்றுப் பின்வாங்கும்.

மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை முன்னே போகும் ஆள் மாறலாம். புதிதாக முன்னே வருபவர் உற்சாகத்தில் வேகம் கூட்டுவதுதான் கூட்டம் சிதற முதல் காரணம். மிதிக்கும் பலம் அவருக்குக் கூடத்தான் வேண்டும், வேகம் கூடக் கூடாது.

ஆடியில் தென்மேற்குக் காற்று, போகும்போது வலப்பக்கத்திலிருந்து அடிக்கும். அப்போது காற்று படாத மறைவு நேர் பின்னால் இருக்காது, இடப்பக்கம் சற்றுத் தள்ளியிருக்கும். முன்னவருக்கு இடப்பின்னால் சாய்வாக நிற்க வேண்டும். சாலை ஓரத்தில் இப்படி இரண்டு மூன்று பேருக்குத்தான் இடம். பத்துப் பேர் என்றால் நான்கு குழுவாகப் பிரிவதே நல்லது. பேருந்தோ லாரியோ முந்தும்போது காற்று சட்டென்று மறைபடும். காற்றுக்கு எதிராக வலப்பக்கம் சாய்ந்து ஓட்டியவர் அந்தக் கணமே வண்டிப் பக்கம் இழுபடுவார். வண்டிச் சத்தம் கேட்டதும் சாய்வைத் தளர்த்தி, ஹேண்டிலை இரு கையாலும் பிடியுங்கள்.

இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்று அடங்கிக் கிடக்கும். வெயில் ஏறித் தரை சுட்டதும் மேலேயுள்ள வேகக்காற்று கீழே கலக்கும். மதுரையை 4.30 மணிக்கு விட்டால், 80 கி.மீ. தள்ளியுள்ள பரமக்குடிவரை பெரும்பாலும் அமைதியான காற்றிலேயே போய்விடலாம்.

திரும்பும் வழிதான் கடினம். காற்று இடமுன்னிருந்து வரும். மறைவோ வலப்பக்கம், வண்டிகள் ஓடும் இடத்தில். அதற்கு ஆசைப்படாமல் ஒற்றை வரிசையில் வாருங்கள். முன்னே இருக்கும் முறையை ஒரு நிமிடமாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.