வாசனை: சொல்லும் பொருளும், அதற்கு ஏற்ற தமிழும்

"படிப்பு வாசனையே இல்லாத குடும்பம்", "அவருக்குக் கொஞ்சம் சங்கீத வாசனை உண்டு" என்று சொல்கிறோம். பழக்கத்தால் ஒருவரிடம் ஒட்டிக்கொண்டது என்பதே இங்கெல்லாம் பொருள். யோக, வேதாந்த, சைவ நூல்கள் வாசனை என்று குறிப்பதும் இந்தப் பொருளைத் தழுவியதுதான். செய்ததும் துய்த்ததும் முடிந்துபோன பிறகு, அதே பக்கம் மனத்தைச் சாய்க்கும்படி உள்ளே தங்கிவிட்ட மிச்சத்துக்கு அந்தப் பெயர். தியானத்தில் உட்கார்பவர் முதலில் முட்டிக்கொள்வது இதில்தான். அதனால் இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வது மிகவும் முக்கியம்.

வடமொழியில் ‘வாசனா’ என்பதை இரண்டு வேர்களோடு சேர்த்துச் சொல்வார்கள். ஒன்று மணமேற்றுதல், மற்றது வசித்தல். தமிழில் ‘வாசம்’ இரண்டையும் இன்றும் தாங்கி நிற்கிறது: பூவாசம், வனவாசம். பெருங்காயம் வைத்திருந்த டப்பாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் நெடி போகாது. பொருள் காலியாகிவிட்டது, அதன் ஏற்றம் தங்கிவிட்டது. உயிரைப் பிணிக்கும் அழுக்கைச் சைவம் மலம் என்கிறது. அது நீங்கிய பிறகும் தங்கும் மலவாசனையை விளக்கச் சைவ ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளும் உவமை இது. பழைய நூல்களைப் படிப்பவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வாசனை அங்கே ‘வாதனை’ என்றும் எழுதப்படும். துன்பத்தைக் குறிக்கும் ‘வாதனை’யும் அதே எழுத்துகள்தான். ‘மலவாதனை’ என்பதை மலம் தரும் வேதனை என்று படித்துவிட்டால் பாட்டின் பொருளே மாறிவிடும்.

வினை, சம்ஸ்காரம், வாசனை மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது பரவலாக நடக்கிறது. பதஞ்சலியின் யோகசூத்திரம் 2.13, வினைத்தொகுதி கனியும்போது பிறப்பு, ஆயுள், நுகர்வு ஆகிய மூன்றைத் தரும் என்கிறது. அங்கே உரை எழுதிய வியாசர் ஒரு கோடு கிழிக்கிறார்: நினைவுக்குக் காரணமான சம்ஸ்காரங்களே வாசனை, அவற்றுக்குத் தொடக்கம் கிடையாது. வினை பயனைத் தரும். வாசனை அந்தப் பயனை எப்படி எதிர்கொள்வோம் என்ற சாய்வைத் தரும். ஒரு அவமானம் வந்து சேர்வது வினையின் கணக்கு. அது வந்த நொடியில் நாக்கு தடிக்கிறதா, கண் கலங்குகிறதா, காலம் முழுக்க மனசுக்குள் அரைபடுகிறதா என்பது வாசனையின் கணக்கு.

சம்ஸ்காரம் இன்னும் அகலமான சொல். பெயர்சூட்டல், திருமணம் போன்ற சடங்குகளும் சம்ஸ்காரம்தான். தருக்க நூலார் அதை வேகம், பாவனை, இழுத்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். அவற்றுள் பாவனை என்ற பிரிவுதான் நினைவை எழுப்பும் பதிவு. தனித்தனிப் பதிவைச் சம்ஸ்காரம் என்றும், அவை படிந்து உண்டான சாய்வை வாசனை என்றும் வைத்துக்கொண்டால் பெரும்பாலான இடங்களில் பொருள் தெளிவாகிவிடும்.

பாலி மொழியில் உள்ள உதானம் என்ற பௌத்த நூலில் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. பிலிந்தவச்சர் என்ற பிக்கு, கூட இருக்கும் பிக்குகளை ‘வசலா’, அதாவது இழிந்தவனே, என்று விளிக்கிறார். முறையீடு புத்தரிடம் போகிறது. 500 பிறவிகள் இடைவிடாமல் பார்ப்பனக் குடியில் பிறந்தவர், நெடுங்காலம் பழகிய சொல் அது, அவர் மனத்தில் வெறுப்பில்லை என்று புத்தர் விளக்குகிறார். வெறுப்பு அற்றுவிட்டது, வாய்ப்பழக்கம் நிற்கவில்லை. குற்றம் நீங்குவதும் வாசனை நீங்குவதும் வேறுவேறு என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று தேட வேண்டியதில்லை.

தமிழில் இதற்கு என்ன சொல்லலாம்? ‘வினைப்பதிவு’ இப்போது அதிகம் புழங்குகிறது. சம்ஸ்காரத்துக்கு அது பொருந்தும். வாசனைக்கு வைத்தால் மேலே சொன்ன வேறுபாடு அழிந்துவிடும். ‘விட்டகுறை தொட்டகுறை’ மக்கள் வழக்கு, உயிருள்ளது. ஆனால் அது முற்பிறவித் தொடர்ச்சியை மட்டும் சொல்கிறது, நேற்று தொடங்கிய பழக்கம் அதில் அடங்காது. நல்ல சொல் திருக்குறள் உரையில் கிடக்கிறது. திருவள்ளுவர் துறவு, மெய்யுணர்தல் என்ற 35, 36ஆம் அதிகாரங்களுக்குப் பிறகு 37ஆவதாக அவாவறுத்தலை வைத்திருக்கிறார். மெய்யை உணர்ந்தவருக்கு அறுக்க என்ன அவா மிச்சம்? துறந்த புலன்கள் மேலும் ‘பழைய பயிற்சி வயத்தான்’ நினைவு செல்லும் என்று பரிமேலழகர் விடை தருகிறார். வாசனை என்ற கருத்தை அப்படியே தமிழில் இறக்கிவைத்த தொடர் இது. ‘பழம்பயிற்சி’ அல்லது ‘பயிற்சிவயம்’ என்று இன்றைக்கும் தயங்காமல் எழுதலாம்.

வாசனையோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டிய அடுத்த சொல் வைராக்கியம். பேச்சில் அது பிடிவாதம் ஆகிவிட்டது: "வைராக்கியமா இருந்து கலெக்டர் ஆனான்." மூலப்பொருள் நேர்மாறானது. ராகம் நீங்கிய நிலை, அதாவது பற்றின்மை. ‘நிராசை’ என்பதும் பொருத்தமான சொல். ரமணர் ‘நான் யார்?’ நூலில் வைராக்கியத்தையும் நிராசையையும் ஒன்றாகவே வைக்கிறார்: அன்னியத்தை நாடாதிருப்பது.

பற்றின்மை வந்துவிட்டது என்று ஏமாறுவது எளிது. சைத்திரன் என்ற ஒருவன் ஒருத்தியிடம் ஆசை வைத்திருக்கிறான் என்பதால் மற்றவர்களிடம் ஆசையற்றவன் ஆகிவிடமாட்டான் என்று வியாசர் எழுதுகிறார். இங்கே பொங்குகிறது, அங்கே இடையில் நின்றிருக்கிறது, அவ்வளவே. சுடுகாட்டில் வரும் மசான வைராக்கியமும் இந்த வகை. வியாசர் உரைக்கு விளக்கம் எழுதிய வாசஸ்பதி மிசிரர் வைராக்கியத்துக்கு நான்கு படி சொல்கிறார். புலன்களைத் திருப்பும் முயற்சி முதற்படி. எது அடங்கியது, எது அடங்கவில்லை என்று பிரித்தறிவது இரண்டாவது. மூன்றாவதில் புலன்கள் ஓய்ந்திருக்கும், ஆவல் மட்டும் மனத்தில் கிடக்கும். அந்த ஆவலும் தீர்ந்தது நான்காவது, வசீகாரம், அதாவது முழுதும் வசப்பட்ட நிலை. மூன்றாம் படியைக் கடைசிப்படி என்று எண்ணி நிறுத்திவிடுபவர்கள்தான் பின்னால் சறுக்குகிறார்கள். இனிப்பைத் தொடாமல் ஒரு மாதம் இருந்தவர், பக்கத்து இலையில் விழும் ஜாங்கிரியைக் கண் தொடர்கிறதா என்று பார்த்தால் தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்பது தெரியும்.

தியானத்தில் இது எப்படி வேலை செய்கிறது? அரைமணி நேரம் மூச்சிலோ மந்திரத்திலோ மனத்தை வைத்து உட்காருங்கள். சில நாளில் எண்ணங்கள் குறைவதற்குப் பதில் பெருகுவதாகத் தோன்றும். பயிற்சி கெட்டுவிட்டது என்று பலர் எழுந்துவிடுவது இங்கேதான். கவனம் நழுவும் இடைவெளிகளில் பழைய சம்ஸ்காரங்களிலிருந்து வேறு எண்ணங்கள் எழும் என்று யோகசூத்திரம் 4.27 கூறுகிறது. விவேகம் முதிர்ந்தவருக்கே அப்படி என்றால், தொடங்கியவருக்கு எழுவதில் வியப்பில்லை. எழுந்த எண்ணத்தோடு சண்டையிட்டால் அந்தச் சண்டையே புதுப் பதிவாகும். பின்தொடர்ந்தால் பழைய பதிவு தடிக்கும். கவனித்து, பிடித்த பொருளுக்கே திரும்புவதுதான் வழி. திரும்பும் ஒவ்வொரு முறையும் எதிர்ப்பதிவு ஒன்று விழுகிறது. நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் அது உறுதிப்படும் என்பது 1.14. வாரத்தில் ஒருநாள் நான்கு மணி நேரம் உட்கார்வதைவிட, தினமும் இருபது நிமிடம் இதற்கு ஏற்றது.

மூச்சை அடக்கினால் மனம் அடங்கும், உண்மை. ஆனால் மூச்சு வெளிப்பட்டதும் மனமும் வெளிப்பட்டு வாசனைவழி அலையும். அதனால் மூச்சடக்கம் மனத்தை ஒடுக்கத் துணைசெய்யுமே தவிர அழிக்காது என்கிறார் ரமணர். மூச்சுப் பயிற்சி முடிந்ததும் பாயைச் சுருட்டிவிடாமல், அந்த அமைதியிலேயே தியானத்தைத் தொடங்க வேண்டும்.

யோகவாசிட்டம் என்ற வேதாந்த நூலும் அதைப் பின்பற்றிய வேதாந்த ஆசிரியர் வித்யாரண்யரும் வாசனையைக் களையும் வரிசை ஒன்றைத் தருகிறார்கள். புலன்பொருள் வாசனைகளை விட்டு, நட்பு, இரக்கம் முதலிய நல்ல வாசனைகளைப் பற்ற வேண்டும். பிறகு அவற்றோடு புழங்கிக்கொண்டே உள்ளுக்குள் அவற்றையும் விட வேண்டும். ‘அறிவே நான்’ என்ற வாசனை மட்டும் மிஞ்சும். அதுவும் போக வேண்டும். முதற்படியை முடிக்காமல் கடைசிப்படிக்குத் தாவுவது பெருந்தவறு. நல்ல பழக்கங்கள் உதிரும், கெட்டவை அப்படியே இருக்கும். கற்றவர்களுக்கென்று வித்யாரண்யர் இன்னொரு எச்சரிக்கையும் வைத்திருக்கிறார். சாத்திர வாசனை, அதாவது ஓதுவதிலும் பல நூல் கற்பதிலும் சடங்குகளிலும் தீராத பித்து, ஞானத்துக்குத் தடை.

சைவ சித்தாந்தம் இதே இடத்துக்கு வேறு வழியாக வருகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் சூத்திரங்கள் 12. மலமும் வல்வினையும் நீங்குவதைப் பத்தாம் சூத்திரமே சொல்லிவிடுகிறது. இருந்தும் பன்னிரண்டாவது, ‘அம்மலங் கழீஇ அன்பரொடு மரீஇ’ என்று மறுபடி கழுவச் சொல்கிறது. உடம்பு இருக்கும்வரை வாசனை தாக்கும் என்பதே காரணம். ஞானம் பெற்றவருக்கும் அங்கே மூன்று கடமை விதிக்கப்படுகிறது: அடியாரோடு கூடியிருப்பது, அவர் அணிந்த சிவவேடத்தை அரன் எனத் தொழுவது, கோயிலையும் அவ்வாறே தொழுவது. தனியே கண்மூடி உட்கார்வதோடு பயிற்சி முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தச் சூத்திரத்தை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும்.