பயொப்சி 'தசைப் பரிசோதனை' அல்ல

வெள்ளவத்தையில் எங்கள் அக்கா ஒருவருக்கு விரல் மூட்டுகளில் வீக்கம், நகங்களைச் சுற்றிப் பவளமணி கோத்தது போலச் சிறு முடிச்சுகள். பயொப்சி, அதாவது தோலில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் வைத்தியர். கையில் கொடுத்த படிவத்தில் "தசைப் பரிசோதனை" என்றிருந்தது. "தம்பி, தசையை வெட்டினா விரல் மடங்குமோ?" என்று கேட்டார் அக்கா.

பயொப்சி என்ற சொல்லை 1879இல் ஆக்கியவர் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் பெஸ்னியே. கிரேக்கத்தில் உயிர், பார்வை என்ற இரண்டின் சேர்க்கை. உடற்கலங்கள் சேர்ந்து அமையும் ரிஷூவை ஆராயும் துறை ஹிஸ்ரொலொஜி. அதில் உள்ள 'ஹிஸ்ரொஸ்' தறியையும் நெய்ததையும் குறிக்கும். இழையிலிருந்து ரிஷூவுக்கு இழையம், ஹிஸ்ரொலொஜிக்கு இழையவியல். அவ்வளவுதான்.

'தசை' என்றால் சனத்துக்கு விளங்கும் என்கிறார்கள். பழைய தமிழில் அது ஊனையும் குறித்தது, உண்மைதான். ஆனால் இன்று பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் தசை வேறு, தோல் வேறு, இரண்டும் இழையங்கள். அதைப் படித்த பிள்ளை படிவத்தை வாசித்தால் என்ன நினைக்கும்? தோலில் எடுப்பது பெரும்பாலும் 4 மில்லிமீற்றர் அகலத் துண்டு. அது பொதுவாகத் தசைவரை போவதில்லை. இன்னும் மோசம், தசையிலேயே துண்டெடுக்கும் பரிசோதனை தனியாக உண்டு. அக்காவுக்கு வைத்தியர் சந்தேகித்த மல்ரிசென்ரிக் ரெற்றிகுலோஹிஸ்ரியோசைற்றோசிஸ் என்ற அரிய நோய், தோலையும் தசையையும் தாக்கும் டேர்மற்றோமயோசைற்றிஸ் போலத் தோற்றம் காட்டி ஏமாற்றக்கூடியது. டேர்மற்றோமயோசைற்றிஸுக்குத்தான் சிலவேளை உண்மையாகவே தசையை எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டுக்கும் ஒரே பெயரா? நோயாளி அடுத்த வைத்தியரிடம் போய் "எனக்குத் தசை எடுத்துப் பார்த்தாச்சு" என்றால் அவர் எதை நம்புவது?

இழையத்துக்கு இந்தியாவில் வழங்கும் 'திசு'வும் எனக்கு உவப்பில்லை. ஆங்கில ஒலியைத் தமிழில் எழுதியது அது, பொருள் ஒன்றும் சொல்லாது. இலங்கைப் பாடநூல்களில் இழையம் ஊன்றி நிற்க, கொழும்பு மொழிபெயர்ப்பாளர்கள் இந்தியச் செய்தித்தளங்களில் கண்டதை எடுத்து ஒட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த நாடு இது!

துண்டு எடுப்பது ஒன்று, அதை வாசிப்பது வேறு. மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்க்கையில், பல கருக்கள் கொண்ட இராட்சதக் கலங்களும் தேய்த்த கண்ணாடி போன்ற இளஞ்சிவப்புக் குழியவுருவும் (கலத்துக்குள் கருவைச் சுற்றியுள்ள பொருள்) தெரிந்தால்தான் அக்காவுக்குச் சந்தேகித்த நோய் உறுதியாகும். எடுப்பதற்குத் 'தோல் இழைய மாதிரி எடுத்தல்', பார்ப்பதற்கு 'இழைய நோயியல் பரிசோதனை' என்று படிவத்தில் இரண்டு வரியாகப் போடுங்கள்.