நாலாயிரம் வரியில் எதை முதலில் மொழிபெயர்ப்பது?

கட்டற்ற மென்பொருள் ஒன்றை மொழிபெயர்க்க உட்கார்ந்த நண்பர் கேட்டார்: "கோப்பைத் திறந்தால் நாலாயிரம் செய்திகள். நான் ஒரே ஆள். மேலிருந்து கீழே போய்க்கொண்டே இருக்கட்டுமா?"

வேண்டவே வேண்டாம். பி.ஓ. கோப்பு என்பது, மென்பொருள் திரையில் காட்டும் ஆங்கில வரிகளும் அவற்றின் மொழிபெயர்ப்பும் ஜோடி ஜோடியாக இருக்கும் கோப்பு. அந்த வரிகளைத்தான் செய்திகள் என்கிறோம். அவை முக்கியத்துவப்படி நிற்பதில்லை. மூல நிரல் கோப்புகள் எந்த வரிசையில் பட்டியலிடப்பட்டனவோ, பெரும்பாலும் அந்த வரிசையில்தான் வந்து விழும். அந்தப் பட்டியல் பல திட்டங்களில் வெறும் அகரவரிசை. 'ஏ' எழுத்தில் தொடங்கும் கோப்பில் யார் கண்ணிலும் படாத பிழைச்செய்திகள் நாற்பது இருந்தால், முதல் வார உழைப்பு அவற்றுக்கே போய்விடும். தினமும் பார்க்கும் 'சேமி' எங்கோ கடைசியில் காத்துக் கிடக்கும்.

சரி, எது அடிக்கடி தெரிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது.

நிரல் ஒரு செய்தியைக் காட்டுவதற்கு முன், அதன் ஆங்கில வரியை கெட்டெக்ஸ்ட் (gettext) என்ற செயற்கூற்றிடம், அதாவது ஒரு வேலையைச் செய்து பதில் தரும் நிரல் துண்டிடம், கொடுக்கும். மொழிபெயர்ப்பு இருந்தால் அது திரும்பி வரும். இல்லையென்றால் கொடுத்த ஆங்கிலமே திரும்பி வரும். பாதி மொழிபெயர்த்த மென்பொருளும் தடுமாறாமல் ஓடுவது இதனால்தான். (தவறுதலாக வெற்று வரியைக் கொடுத்துவிட்டால், கோப்பின் முகப்பில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் பெயர், மின்னஞ்சல் எல்லாம் திரையில் வந்து கொட்டும். அந்த அழகையும் நான் பார்த்திருக்கிறேன்.)

ஆக, எல்லாச் செய்தியும் ஒரே வாசல் வழியாகத்தான் போகிறது. அந்த வாசலில் ஓர் ஆளை உட்கார வைத்தால் போதுமே! லினக்ஸில் எல்டி பிரீலோட் (LD_PRELOAD) என்றொரு சூழல் மாறி, அதாவது நிரல் ஓடுவதற்கு முன் வெளியிலிருந்து நாம் கொடுக்கும் அமைப்பு, உண்டு. அதில் நம்முடைய குட்டி நிரலகத்தின் (செயற்கூறுகளின் தொகுப்பின்) பெயரைக் கொடுத்தால், மற்ற நிரலகங்களுக்கு முன்னால் அது ஏற்றப்படும். அதற்குள் அதே பெயரில் ஒரு செயற்கூற்றை எழுதி வைக்கலாம். அது வந்த வரியைக் குறித்துக்கொண்டு, அசல் செயற்கூற்றை அழைத்து, கிடைத்த பதிலை அப்படியே கொடுத்துவிடும். நிரலுக்கு எதுவும் தெரியாது; மூல நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். ஒரு நுணுக்கம்: நிரலர் கெட்டெக்ஸ்ட் என்று எழுதியிருந்தாலும், மூல நிரலை இயங்கும் நிரலாகத் தொகுக்கும்போது அது பெரும்பாலும் டிசி கெட்டெக்ஸ்ட் (dcgettext) என்று மாறிவிடும். அதையும் பிடிக்காவிட்டால் உங்கள் குறிப்பேடு காலியாகவே இருக்கும்.

ஒரு வாரம் வழக்கமான வேலைகளைச் செய்தபடி இதை ஓடவிட்டுப் பாருங்கள். சில நூறு வரிகள் திரும்பத் திரும்ப வரும். மிச்சமெல்லாம் எப்போதாவது, அல்லது ஒருபோதும் இல்லை.

ஆனால் எண்ணிக்கையை அப்படியே நம்பிவிடக் கூடாது. 'கோப்பு நகலெடுக்கப்படுகிறது' என்பது, திரும்பத் திரும்ப ஓடும் ஒரு சுழற்சிக்குள் இருந்தால் ஒரே நொடியில் ஆயிரம் முறை பதிவாகும். மெனுவில் இருப்பவையோ, யாரும் திறக்காவிட்டாலும், நிரல் தொடங்கும்போதே மொத்தமாக வாசலைக் கடந்துவிடும். அதனால் எத்தனை அழைப்பு என்று எண்ணுவதைவிட, எத்தனை தனித்தனி அமர்வுகளில், அதாவது நிரலைத் திறந்து மூடிய தடவைகளில், தென்பட்டது என்று எண்ணுவதே உருப்படியான கணக்கு. மெனு வரிகளை அதுவும் பிரித்துக் காட்டாது; அவற்றை நாமேதான் பார்த்து ஒதுக்க வேண்டும்.

இந்த யோசனை பெரிய திட்டங்களிலும் உண்டு. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைக் கணினியில் நிறுவும் நிரலின் செய்திகள் ஐந்து அடுக்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: சாதாரணமாக நிறுவும் எல்லோரும் பார்ப்பவை முதல் அடுக்கில், அபூர்வ வன்பொருள்களுக்கானவை அடியில். விக்கிப்பீடியாவை ஓட்டும் மென்பொருளான மீடியாவிக்கியில் அதிகம் பயன்படும் செய்திகள் தனிக் குழுவாக இருக்கின்றன. ஒரு மொழியில் முதன்முதலாக விக்கிப்பீடியா தொடங்க அந்தக் குழுவை முடித்தாக வேண்டும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு நம் ஆட்கள் சதவீதத்தைக் கும்பிடுவதுதான் எனக்கு எரிச்சல். ஒரு மொழிக்கு ஆதரவு உண்டு என்று சொல்ல, லினக்ஸ் கணினிகளின் திரைச்சூழலை உருவாக்கும் குநோம் திட்டம், 80 சதவீதம் மொழிபெயர்த்திருக்க வேண்டும் என்ற கோட்டை வைத்திருந்தது. கோடு தேவைதான். ஆனால் அந்தக் கணக்கில் 'சரி' பொத்தானும் ஒன்று, யாரும் பார்க்காத பிழைச்செய்தியும் ஒன்று. எண்ணிக்கையை ஏற்றச் சின்னச் சின்ன வரிகளாகப் பொறுக்கி முடித்துவிட்டு, நீளமானவற்றைத் தள்ளிப்போடும் வழக்கம் அப்படித்தான் வருகிறது. அந்த நீளமான வரிகளில் ஒன்று, 'இந்த வட்டில் உள்ள எல்லாம் அழிக்கப்படும், தொடரலாமா?' என்பதாக இருக்கும். வாசலில் உட்கார்ந்து எண்ணினாலும் அது மாட்டாது. ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறை பார்த்தாலே அதிகம். என் பட்டியலில் அதைக் கையாலேயே தூக்கி 'சேமி'க்கு மேலே போட்டிருக்கிறேன்.