'சத்தம் பழகிப் போச்சுங்க'

குமாரபாளையம், பள்ளிபாளையம் பக்கமிருந்து காது பரிசோதனைக்கு வரும் தறிக்காரர்களில் பலர் தாமாக வருவதில்லை. மனைவியோ மகளோ இழுத்து வந்திருப்பார்கள். போன மாதம் வந்தவருக்கு 46 வயது, 22 வருடமாக நாடா தறி (நாடா ஓடும் விசைத்தறி) ஓட்டுகிறார்.

"எனக்கு நல்லாக் கேக்குதுங்க சார். இவதான் வாய்க்குள்ளயே பேசறா" என்றார். மனைவி சிரிக்கவில்லை.

தறிக்குப் போன புதிதில் எப்படி இருந்தது என்று கேட்டேன். "பத்து நாள் காதுல ஙொய்னு ஒரே இரைச்சலுங்க. அப்புறம் பழகிப் போச்சு."

இதை நான் வாரத்துக்கு நாலு முறையாவது கேட்கிறேன். கை காய்த்துப் போகும், காது காய்க்காது. உள்காதில் ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் சுமார் 15,000. போனது திரும்ப முளைக்காது. சத்தம் பழகிவிட்டது என்று நாம் சொல்லும்போது, பாதி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்கும் செல்கள்தான் போயிருக்கும்.

பெரும்பாலும் முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸ் அளவிலான கீச்சுக் குரல் பகுதி. அவருடைய ஆடியோகிராமில் (காது பரிசோதனை வரைபடத்தில்) 1000 வரை கோடு ஒழுங்காகப் போய், 4000இல் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. இரண்டு காதிலும் ஒரே பள்ளம். ச, த போன்ற எழுத்துகளின் கூர்மை அந்த மேல்பகுதியில்தான் இருக்கிறது. அதனால் பேச்சு காதில் விழும், என்ன சொன்னார்கள் என்பது பிடிபடாது. பெண்கள், குழந்தைகள் குரலில் இன்னும் சிரமம். மனைவி வாய்க்குள் பேசவில்லை.

நம் நாட்டுத் தொழிற்சாலை விதிப்படி 90 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம்தான் இருக்கலாம். 95 என்றால் நாலு மணி, 100 என்றால் இரண்டே மணி. நாடா தறிக் குடோனில் 95 சாதாரணம். ஷிப்டோ 12 மணி நேரம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அளக்கக் கருவி இல்லையா? கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85ஐத் தாண்டியாயிற்று. தறிக்காரர்கள் கத்துவதுகூட இல்லை, கைஜாடைதான்.

பஞ்சுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் கழிவுப் பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்கிறார்கள். அது ஏறக்குறைய ஒன்றும் தடுக்காது. நுரை இயர் பிளக் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. விரலால் உருட்டி மெல்லிசாக்கி, மறு கையால் காது மடலை மேலே, பின்னால் இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்தி வைக்க வேண்டும். வெளியே பாதி நீட்டிக்கொண்டிருந்தால் போடாததற்குச் சமம்.

இடையில் கழற்றுவதுதான் பெரிய பிரச்சினை. 30 டெசிபல் தடுக்கும் பிளக்கை எட்டு மணியில் ஒரே ஒரு மணி நேரம் கழற்றி வைத்து அதே சத்தத்தில் நின்றால், மொத்தப் பலன் 9 டெசிபல் அளவுக்குச் சுருங்கிவிடும். "பிளக் போட்டா, தறி சத்தம் மாறினா தெரியாதே" என்பார்கள். காது நன்றாக இருப்பவர்களுக்குத் தெரியும், சில நாள் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே காது மந்தமானவர்களுக்குச் சிரமம்தான். அவர்கள் காதைப் பரிசோதித்துக்கொண்ட பிறகு ஏற்றதை வாங்குவது நல்லது.

இரைச்சலால் வரும் காது கேளாமை தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது, இழப்பீடும் கேட்கலாம். ஆனால் வீட்டை ஒட்டி நாலு தறி, ஆறு தறி போட்டிருப்பவர்களை எந்தச் சட்டம் எட்டிப் பார்க்கிறது? அங்கே முதலாளியும் அதே சத்தத்தில்தான் நிற்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குழந்தை தூங்குகிறது.

அந்த 46 வயதுக்காரரின் 20 வயது மகனும் பக்கத்துத் தறியில் நிற்கிறானாம். சத்தத்தை விட்டு வந்து குறைந்தது 14 மணி நேரமாவது ஆகியிருந்தால்தான் சோதனை சரியாக இருக்கும், லீவு முடிந்து திங்கள் காலை ஷிப்டுக்கு முன்னால் கூட்டி வாருங்கள் என்றேன். வியாழக்கிழமை, நைட் ஷிப்டு முடிந்து நேராக வந்து நின்றார்கள். திருப்பி அனுப்பியிருக்கிறேன்.