பாசிட்டிவ், ஆனால் ஒரு தொந்தரவும் இல்லை: இவர் எந்த வகை?

கொரோனா பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, பசிக்கும் குறைவில்லை. "அப்போ எனக்கு அறிகுறி இல்லாத கொரோனாதானே?" என்று கேட்பார்கள். அன்றைய தேதியில் அதற்குப் பதில் கிடையாது. அவர் கடைசிவரை அறிகுறியே வராதவராக இருக்கலாம். நாளை மறுநாள் காய்ச்சலில் படுக்கப்போகிறவராகவும் இருக்கலாம். சில வாரங்களுக்கு முன் வந்துபோன தொற்றின் மிச்சம் இப்போது பிசிஆர் பரிசோதனையில் தெரிகிறது என்பதற்கும் வாய்ப்புண்டு.

2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 76 பேருக்குப் பரிசோதனை செய்தார்கள். 48 பேருக்குத் தொற்று. அதில் 27 பேருக்கு அன்று அறிகுறி ஏதுமில்லை. ஆனால் அந்த 27 பேரில் 24 பேருக்கு அடுத்த சில நாட்களில் அறிகுறிகள் வந்துவிட்டன. பரிசோதனை அன்றே 'அறிகுறியற்றவர்' என்று முத்திரை குத்தியிருந்தால், பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில் கணக்கு தப்பியிருக்கும். இது முதியவர்கள் மட்டும் இருந்த ஓர் இல்லத்தின் கணக்கு. எல்லா வயதினரையும் சேர்த்து, முதல் ஆண்டில் வந்த ஆய்வுகளைப் பார்த்தால், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கடைசிவரை அறிகுறியில்லாமல் இருந்தார்.

பிரித்தறிவது எதற்கு? பரவலுக்காக. அறிகுறி வரப்போகிறவரிடமிருந்து, அது வருவதற்கு 2 நாள் முன்பிருந்தே வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடுகிறது. அறிகுறி தொடங்கும் சமயத்தில் உச்சத்தில் இருக்கிறது. அதாவது அவர் நன்றாக நடமாடும் நாட்கள்தான் மற்றவர்களுக்கு ஆபத்தான நாட்கள். கடைசிவரை அறிகுறி வராதவரிடமும் ஆரம்பத்தில் வைரஸ் அளவு பெரிதாக வித்தியாசப்படுவதில்லை, ஆனால் சீக்கிரம் வடிந்துவிடும். அவரால் பரவுவது குறைவு. பரவவே பரவாது என்று சொல்ல முடியாது.

பிசிஆர் ரிப்போர்ட்டில் வரும் 'சிடி' எண்ணைப் பலரும் சிடி ஸ்கேனோடு குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை. மாதிரியில் உள்ள வைரஸின் மரபுப்பொருளைக் கருவி சுற்றுச் சுற்றாகப் பெருக்குகிறது. எத்தனையாவது சுற்றில் அது பிடிபட்டது என்பதே இந்த எண். வைரஸ் நிறைய இருந்தால் 18, 20இலேயே பிடிபடும். 35 என்று வந்தால் வைரஸ் சொற்பம். ஆனால் அந்த 35 ஏறப்போகிற தொற்றா, இறங்கி முடிந்த தொற்றா? ஒரே எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. 24 முதல் 48 மணி நேரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். 35 இருந்த இடத்தில் 22 வந்தால் தொற்று ஏறுமுகம்; அறிகுறி வரும் என்று எதிர்பார்க்கலாம். 37 அல்லது நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் பழைய தொற்றின் வால். மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சியை (ஸ்வாப்) மூக்கின் நுனியில் மட்டும் தொட்டு எடுத்திருந்தால் இந்த ஒப்பீடு எதற்கும் உதவாது.

பல நேரங்களில் தவறு கேள்வியிலேயே நடக்கிறது. "ஏதாவது அறிகுறி இருக்கா?" என்றால் "இல்லை" என்றுதான் பதில் வரும். தனித்தனியாகக் கேட்க வேண்டும்: சோப்பு வாசனை தெரிகிறதா? தொண்டை கரகரப்பு? வழக்கத்தைவிட அசதி? இரண்டு முறை வயிற்றுப்போக்கு? தலைவலிக்கென்று பாராசிட்டமால் போட்டீர்களா? போட்டிருந்தால் காய்ச்சல் மறைந்திருக்கலாம். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழப்பமான பேச்சும், சாப்பாட்டில் வெறுப்பும், தடுமாறி விழுவதும்தான் முதலில் தெரியும். கேட்டு முடிக்கும்போது 'அறிகுறியற்றவர்' பலர் 'லேசான அறிகுறி உள்ளவர்' ஆகிவிடுவார்கள்.

தனிமைப்படுத்தல் விதிகள் நடைமுறையில் இருந்தபோது, தனிமை நாள் கணக்கு இன்னொரு கோளாறாக இருந்தது. அறிகுறி இல்லாதவருக்கு மாதிரி எடுத்த நாள்தான் பூஜ்யமாக இருந்தது. நான்காம் நாள் தொண்டை வலித்தால் பழைய கணக்கை விட்டுவிட்டு, அந்த நாளைப் பூஜ்யமாக வைத்து மறுபடி எண்ண வேண்டியிருந்தது. "டெஸ்ட் எடுத்து அஞ்சு நாள் ஆச்சே" என்று வெளியே கிளம்பியவர், வைரஸ் கிட்டத்தட்ட உச்சத்தில் இருக்கும்போது கிளம்பினார். தொடர்பில் இருந்தவர்களைத் தேடியபோதும் இந்தப் பூஜ்ய நாளிலிருந்து 2 நாள் பின்னோக்கிப் போக வேண்டியிருந்தது.

அறிகுறி இல்லை என்றால் நுரையீரல் சுத்தம் என்றும் அர்த்தமில்லை. 2020இல் கொரோனா பரவி ஜப்பானில் நிறுத்திவைக்கப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் என்ற பயணிகள் கப்பலில் தொற்று வந்தவர்களில் அறிகுறியில்லாத 76 பேருக்கு சிடி ஸ்கேன் எடுத்ததில் 41 பேரின் நுரையீரலில் மாற்றம் தெரிந்தது. இதற்காக எல்லோரும் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். பெரும்பாலும் தானே சரியாகிவிடும். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டில் இருந்தால் போதும். நகப்பூச்சைத் துடைத்து, கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைக்கும்வரை அசையாமல் வைத்துப் பாருங்கள். பிறகு 6 நிமிடம் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். 94க்குக் கீழே போனாலோ, முன்பிருந்ததைவிட 3 புள்ளிக்கு மேல் இறங்கினாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சு வாங்கவில்லையே என்று காத்திருக்கக் கூடாது. கருமையான தோலில் சில கருவிகள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 95 என்று காட்டும்போதே கவனம் தேவை.

குழந்தைகளுக்கு மட்டும் கண்காணிப்பு கொஞ்சம் நீளும். அறிகுறியே இல்லாமல் போன தொற்றுக்குப் பிறகும், 2 முதல் 6 வாரத்துக்குள் விடாத காய்ச்சல், கண் சிவப்பு, தோலில் தடிப்பு, வயிற்றுவலி என்று சேர்ந்து வந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய பாசிட்டிவ் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.