லே-ஆஃப்: டெஸ்லா கலைத்த குழுவுக்கு எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும்?

2024 ஏப்ரல் மாதக் கடைசியில், மின்சாரக் கார் தயாரிக்கும் டெஸ்லா நிறுவனம் தன் சூப்பர்சார்ஜர் குழுவை, அதாவது கார்களுக்கு வேகமாகச் சார்ஜ் ஏற்றும் நிலையங்களைக் கவனித்த குழுவை, ஏறத்தாழ மொத்தமாக வீட்டுக்கு அனுப்பியது. சுமார் 500 பேர். குழுவின் தலைவர் ரெபெக்கா டினூச்சியும் அதில் அடக்கம். இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் நாம் லே-ஆஃப், பணிநீக்கம், ஆட்குறைப்பு என்று கைக்கு வந்த சொல்லைப் போட்டுவிடுகிறோம். மூன்றுக்கும் பொருள் வேறு வேறு. டெஸ்லாவில் நடந்ததற்கு மூன்றுமே சரியாகப் பொருந்தவில்லை என்பது என் கட்சி.

முதலில் லே-ஆஃப். ஆங்கிலத்தில் 'லே' என்றால் வை, கிடத்து. 'ஆஃப்' என்றால் அப்பால், விலக்கி. சேர்த்துப் பார்த்தால் 'எடுத்து ஓரமாக வைப்பது'. வேலையாட்கள் விஷயத்தில் இந்தச் சொல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்தது. அப்போது அதன் பொருள் தற்காலிக நிறுத்தம்தான். ஆர்டர் இல்லை, கொஞ்ச நாள் வராதே, வந்ததும் கூப்பிடுகிறேன் என்பதுதான் அதில் உள்ள பேச்சு. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்க முதலாளிகள் நிரந்தரமாக அனுப்புவதற்கும் இதே சொல்லைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 'ஃபயர்' என்றால் ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி ஒலிக்கும். 'லே-ஆஃப்' என்றால் பதமாக இருக்கும். ஆள் திரும்ப வரப்போவதில்லை, சொல் மட்டும் 'திரும்ப வருவான்' என்கிற மாதிரியே இருக்கிறது.

இந்தியாவில் கதை வேறு. இங்கே லே-ஆஃப் என்பதற்குச் சட்டத்திலேயே வரையறை உண்டு. 1953ஆம் ஆண்டு, துணி ஆலைகளில் சரக்குத் தேங்கி, ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை இல்லாமல் போகும் என்ற நிலை வந்தது. அப்போதுதான் 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுகள் சட்டத்தைத் திருத்தி இந்தச் சொல்லை உள்ளே கொண்டுவந்தார்கள். நிலக்கரி, மின்சாரம், மூலப்பொருள் பற்றாக்குறை, சரக்குத் தேக்கம், இயந்திரப் பழுது போன்ற காரணங்களால் ஒரு தொழிலாளிக்கு முதலாளி வேலை தர முடியாமல் போவது, அல்லது தராமல் இருப்பது. அதுதான் லே-ஆஃப். அந்த வரையறையில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன: அந்தத் தொழிலாளியின் பெயர் மஸ்டர் ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) இருக்க வேண்டும், அவர் ஆட்குறைப்புச் செய்யப்படாதவராக இருக்க வேண்டும். அதாவது, நம் சட்டப்படி லே-ஆஃப் ஆனவர் வேலையை இழந்தவரே அல்லர். அவருக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியை இழப்பீடாகத் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்பு வந்துவிட்டது. வரையறை ஏறத்தாழ அப்படியேதான் இருக்கிறது.

மில் ஊர்களில் 'லே-ஆஃப் விட்டுட்டாங்க' என்று சொல்கிறவருக்கு இந்தப் பொருள் நன்றாகவே தெரியும். லீவு விடுவது மாதிரி லே-ஆஃபும் 'விடுவது'தான். ஐ.டி. கம்பெனியில் இருக்கும் அவர் மகன் 'லே-ஆஃப்ல போயிடுச்சு' என்றால் அது அமெரிக்கப் பொருள். ஒரே வீட்டில் ஒரே சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது.

சரி, டெஸ்லாவுக்கு வருவோம். 2023 முடிவில் அங்கே 1,40,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். 2024 ஏப்ரல் நடுவில், உலகம் முழுக்க 10 சதவீதத்துக்கும் அதிகமானோரைக் குறைக்கப்போவதாக ஈலான் மஸ்க் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இதைவிட நான் வெறுப்பது வேறில்லை, ஆனால் செய்தாக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். வேலை போனவர்களுக்கு வந்த கடிதம் 'உங்கள் பணியிடம் நீக்கப்பட்டுவிட்டது' என்றது. கவனியுங்கள், நீக்கப்பட்டது பணியிடமாம், ஆள் இல்லையாம். அமெரிக்கச் சட்டப்படி அரசுக்குக் கொடுத்த முன்னறிவிப்பில் கலிபோர்னியாவில் 3,332 பேர், டெக்சாஸ் ஆஸ்டினில் 2,688 பேர் என்று கணக்கு வந்தது. இதுவரை நடந்ததை ஆட்குறைப்பு என்று சொல்லிவிடலாம். எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டுவது. டெஸ்லா 2018இலும் 2019இலும் இப்படிச் செய்திருக்கிறது.

இரண்டு வாரம் கழித்து நடந்தது வேறு வகை. சூப்பர்சார்ஜர் குழு என்பது கார் விற்கிற ஆட்கள் இல்லை. இடம் பார்த்துக் குத்தகை பேசுவது, மின் நிறுவனத்திடம் இணைப்பு வாங்குவது, நகராட்சி அனுமதி, கட்டுமானம், கருவி வடிவமைப்பு, பராமரிப்பு என்று எல்லாம் தெரிந்தவர்கள் ஒன்றாக இருந்த குழு. 2012இல் கலிபோர்னியாவில் தொடங்கிய வலையமைப்பு 2023க்குள் உலகம் முழுக்க 50,000 சார்ஜர்களைத் தாண்டியிருந்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும், மற்றக் கம்பெனிகளும் டெஸ்லாவின் பிளக் வடிவத்தையே ஏற்றுக்கொள்வதாக 2023இல் அறிவித்துவிட்டன. 2024 பிப்ரவரியில் ஃபோர்டு கார்களுக்குச் சூப்பர்சார்ஜர்கள் திறந்துவிடப்பட்டன. அதற்கு இரண்டு மாதம் கழித்து, குழுவே இல்லை. இன்னும் ஆட்களைக் குறைக்கச் சொன்னதற்கு டினூச்சி மறுத்ததால்தான் மொத்தக் குழுவும் போனது என்று பின்னால் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. புதிய வாகனத் திட்டங்களைக் கவனித்த டேனியல் ஹோவும் அதே சமயத்தில் வெளியேறினார்.

அப்புறம் என்ன ஆயிற்று? மே 10ஆம் தேதி, சார்ஜர் விரிவாக்கத்துக்கு அந்த ஆண்டு 50 கோடி டாலருக்கு மேல் செலவு செய்வோம் என்று மஸ்க் பதிவிட்டார். அதற்கு இரண்டொரு நாளில், அனுப்பியவர்களில் சிலரைத் திரும்ப எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. வட அமெரிக்கச் சார்ஜிங் இயக்குநராக இருந்த மேக்ஸ் டி ஸெகரும் அப்படித் திரும்பியவர். பழைய ஆங்கிலப் பொருளில் பார்த்தால், இவர்கள் கதைதான் அசல் லே-ஆஃப்!

இப்போது தமிழ்ச் சொற்கள். பணிநீக்கம் என்பதைப் பெருந்திரள் வேலையிழப்புக்குப் போடுவது எனக்கு ஒப்புதல் இல்லை. 'லஞ்சம் வாங்கிய கிராம நிர்வாக அலுவலர் பணியிடை நீக்கம்' என்று நாளிதழில் படித்துப் பழகிய கண்ணுக்கு, நீக்கம் என்றாலே ஒழுங்கு நடவடிக்கை நினைவுக்கு வரும். டெஸ்லாவில் போனவர்கள் யாரும் தப்புச் செய்யவில்லை. அவர்களுக்கு அந்தக் கறை எதற்கு?

ஆட்குறைப்பு நல்ல சொல். ஆள் + குறைப்பு. 'ள்' வல்லினத்துக்கு முன் 'ட்' ஆகிறது, ஆட்சேர்ப்பு மாதிரியே. இரண்டும் ஜோடிச் சொற்கள், பார்த்ததும் பொருள் விளங்கும். சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்திகளில் இதுதான் நிலைத்த வழக்கு. நம் சட்டத்தில் இதற்கு நேரான ஆங்கிலச் சொல் 'ரிட்ரெஞ்ச்மென்ட்'. வெட்டிக் குறைப்பது என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. ஆட்குறைப்புக்கு இங்கே ஒரு மாத முன்னறிவிப்பு உண்டு, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் உண்டு. கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்ப வேண்டும் என்ற முறை உண்டு. மறுபடி ஆள் எடுத்தால் அனுப்பப்பட்டவர்களுக்கே முன்னுரிமை. டி ஸெகருக்கு நிறுவனத்தின் விருப்பத்தால் கிடைத்தது, இங்கே ஒரு தொழிலாளிக்குச் சட்டப்படியே வரவேண்டியது.

ஆனால் ஒரு துறையை வேரோடு எடுப்பதற்குக் குறைப்பு என்ற சொல் போதாது. குறைத்தால் மீதி இருக்க வேண்டும் இல்லையா? சட்டமன்றத்தைக் கலைக்கிறோம், சங்கத்தைக் கலைக்கிறோம். அதே சொல்லை இங்கேயும் எடுத்துக்கொண்டு குழுக் கலைப்பு என்பேன். 'சூப்பர்சார்ஜர் குழுவை டெஸ்லா கலைத்தது' என்று எழுதினால் ஒரு வரியில் விஷயம் முடிந்துவிடும். 'நிபுணர் குழுவைக் கலைத்தது' என்று மட்டும் எழுதாதீர்கள். தமிழில் நிபுணர் குழு என்றால் அரசாங்கம் அறிக்கை கேட்டு அமைக்கும் குழு என்றுதான் நினைப்பார்கள். முல்லைப் பெரியாறு அணையைப் பார்வையிட வருகிறவர்கள் மாதிரி. 'சார்ஜிங் துறை வல்லுநர்கள்' என்றால் குழப்பம் வராது.

லே-ஆஃபின் அசல் பொருளுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம் என்றே தோன்றுகிறது. 'பணி நிறுத்தம்' என்றால் ஸ்ட்ரைக்கோடு குழம்பும். 'தற்காலிக வேலையிழப்பு' ஓரளவு பரவாயில்லை, விளக்கத்துக்குப் போடலாம். ஆலைத் தொழிலாளர்கள் 70 ஆண்டுகளாகச் சரியான பொருளில் புழங்கிவரும் லே-ஆஃபை அந்தப் பொருளுக்கே விட்டுவிட்டு, ஆளை நிரந்தரமாக அனுப்புகிற இடத்தில் ஆட்குறைப்பு என்று எழுதலாம். திரும்ப எடுப்பதற்கு 'மீள்பணியமர்த்தல்' என்று ஒரு நீளமான சொல் ஓடிக்கொண்டிருக்கிறது. 'மீண்டும் வேலைக்கு எடுத்தார்கள்' என்று எழுதினாலே போதும்.