கையை எடுத்தாலும் இடப்பக்கம் வெட்டும் கார்

சேகா நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'அவுட் ரன்' என்ற, காசு போட்டுக் கார் ஓட்டி ஆடும் விளையாட்டு மெஷின் ஒன்றை யாரோ வீட்டுக்கு வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுவிட்சைப் போட்டால் படம் வருகிறது, பாட்டும் வருகிறது. ஆனால் ஸ்டீயரிங்கைத் தொடாமலே சிவப்புக் கார் துடிக்கிறது. நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போதே இடப்பக்கம் வெட்டி மரத்தில் மோதுகிறது. 'கம்ப்யூட்டர் போர்டு போச்சு' என்றுதான் எல்லாரும் முதலில் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. அந்த போர்டில் விளையாட்டை நடத்த இரண்டு மோட்டோரோலா 68000 சிப்களும், ஒலிக்கென்று ஒரு இசட்80 சிப்பும் உண்டு. அவை லேசில் சாகாதவை. பழுது வருவது தேய்கிற, காய்கிற, கருகுகிற பாகங்களில்தான். எந்தப் பாகம் என்பதைத் திரையைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

ஸ்டீயரிங் தண்டோடு சேர்ந்து ஒரு பொட்டன்ஷியோமீட்டர் சுழல்கிறது. பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுவோமே, அதே சாமான்தான். உள்ளே வளைந்த கார்பன் பட்டை. அதன் ஒரு முனையில் 5 வோல்ட், மறுமுனையில் பூஜ்யம். பட்டையின் மேல் உரசிக்கொண்டே நகரும் சிறு உலோக நாக்கு, தான் நிற்கும் இடத்து வோல்டேஜை எடுத்துக் கொடுக்கும். நடுவில் நின்றால் இரண்டரை வோல்ட். போர்டு இதை 0 முதல் 255 வரையிலான எண்ணாக மாற்றிக்கொள்கிறது. 128க்குப் பக்கத்தில் இருந்தால் நேராகப் போகும். கூடினாலோ குறைந்தாலோ காரைத் திருப்பும்.

ஓட்டுபவர்கள் பெரும்பாலான நேரம் ஸ்டீயரிங்கை நடுவை ஒட்டியே லேசாக ஆட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால் பட்டை முதலில் தேய்வதும் நடுவில்தான். அங்கே நாக்கு சரியாகப் படாதபோது எண் 128இல் நிற்காமல் தாவுகிறது, கார் துடிக்கிறது. தொடர்பு முழுசாக விட்டுப்போனால் ஒரு கணம் எண் ஓரத்துக்கே ஓடிவிடும். மரத்தில் மோதுவது அப்போதுதான். கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் கொஞ்ச நாள் சரியாகும். தேய்ந்துபோன கார்பன் ஸ்ப்ரேயில் முளைக்காது. புதிதாக மாற்றிவிடுவதே மேல். மாற்றும்போது, திருகும் அளவுக்கு ஏற்பச் சீராக வோல்டேஜ் மாறும் லீனியர் வகையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். வால்யூமுக்கென்று வரும், சீராக மாறாத லாக் வகையைப் போட்டால், ஸ்டீயரிங் நடுவில் நின்றாலும் வோல்டேஜ் நடுவில் நிற்காது.

எல்லா மெஷினிலும் இதே ஏற்பாடு இல்லை. நாம்கோ உருவாக்கி, அமெரிக்காவில் அட்டாரி விற்ற 'போல் பொசிஷன்' (1982) மெஷினில், அட்டாரி கேபினெட்டின் ஸ்டீயரிங் முடிவில்லாமல் சுற்றும். பல்வெட்டிய தட்டு ஒன்று இரண்டு ஒளி உணரிகளுக்குக் குறுக்கே ஓடுகிறது. எந்த உணரி முதலில் மறைகிறது என்பதை வைத்துத் திசை தெரியும். ஒன்றில் தூசி படிந்தால் மெஷினுக்கு இடம் வலம் தெரியாமல் போகும். ஒரு துணியால் துடைத்தாலே பல நேரம் வேலை முடிந்துவிடும்.

அடுத்த புகார், ஆட்டம் நடுவில் தானாக ரீசெட் ஆவது. இதற்குப் பவர் சப்ளையின் வாயில் மல்டிமீட்டர் வைத்து 5 வோல்ட் இருக்கிறது என்று திருப்திப்பட்டுப் பயனில்லை. போர்டின் மேலேயே அளக்க வேண்டும். இடையில் இருக்கும் கனெக்டரின் பின்கள் மங்கிப்போய் 0.03 ஓம் தடை ஏறியிருக்கிறது, 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்தால் 0.3 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். போர்டுக்குக் கிடைப்பது 4.7. 5 வோல்ட்டில் ஓடும் அந்தக் காலத்து டிடிஎல் வகைச் சிப்களுக்கு 4.75க்குக் கீழே உத்தரவாதம் கிடையாது. காணாமல் போன மின்சாரம் அந்தப் பின்களில் 3 வாட் சூடாக மாறுகிறது. சூட்டில் பின் இன்னும் மங்க, தடை இன்னும் ஏறும். வெள்ளைக் கனெக்டர் பழுப்பேறிக் கிடந்தால் சுரண்டிக்கொண்டிருக்காமல் பின்னோடு மாற்றிவிடலாம். சப்ளையைத் திருகி வோல்டேஜை ஏற்றிச் சமாளிப்பவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. சூடு அப்படியே இருக்கும்.

பிக்சர் டியூப் பக்கம் வந்தால் விளையாட்டுப் பேச்சு கிடையாது. மானிட்டர் நொடிக்குச் சுமார் 15,700 கோடுகள் வரைகிறது. ஒவ்வொரு கோடு முடிந்து கதிர் திரும்பும் நேரத்தில் எழும் துடிப்பை ஈ.எச்.டி. (மிக உயர் வோல்டேஜ்) டிரான்ஸ்ஃபார்மர் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேலே தூக்குகிறது. டியூபின் கண்ணாடிக்கு உள்ளே ஒரு கடத்திப் பூச்சு, வெளியே ஒரு பூச்சு; அதாவது டியூபே மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெபாசிட்டர். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னேற்றம் உள்ளே நிற்கும். ஒரு தடவை இறக்கினாலும், சற்று நேரத்தில் கொஞ்சம் மறுபடி ஊறி வரும். பழக்கமுள்ளவர் பக்கத்தில் இல்லாமல், அந்த உயர் வோல்டேஜ் வயர் டியூபில் சேரும் இடத்து ரப்பர் மூடியில் கை வைக்க வேண்டாம்.

படம் ஓரங்களில் சுருங்குவதும், நெளிவதும், மேல்பகுதி மடிந்து தெரிவதும் பெரும்பாலும் எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்துபோனதால். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றுகிறது. 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொதுக்கணக்கு. விலை அற்பம் என்பதால் மானிட்டர் போர்டில் இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் மாற்றுவதுதான் வழக்கம். பிளஸ் மைனஸ் மாறிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

போர்டையே பிடித்துச் சாகடிக்கும் பழுது ஒன்றும் உண்டு. அதைப் பழுது என்பதைவிட சேகா வைத்த பூட்டு என்பது பொருத்தம். 'சூப்பர் ஹேங்-ஆன்' (1987) போன்ற சில விளையாட்டுகளின் ஆட்ட நிரல் சங்கேதமாக்கப்பட்டிருக்கும். அதை அவிழ்க்கும் திறவுகோல், விளையாட்டை நடத்தும் சிப்பின் கூட்டுக்குள்ளேயே பொதிந்த பேட்டரியை நம்பிய நினைவகத்தில் கிடக்கும். பேட்டரி தீர்ந்தால் திறவுகோல் அழியும். நிரல் அர்த்தமில்லாத எண்களாகிவிடும். நல்லவேளையாக ஆர்வலர்கள் இந்தச் சங்கேதத்தை உடைத்துவிட்டார்கள். அவிழ்த்த நிரலைப் புது ஈபிராம்களில் (நிரலைச் சேமிக்கும் நினைவகச் சிப்கள்) எழுதி, பூட்டுள்ள சிப் இருந்த இடத்தில் சாதாரண 68000ஐச் சொருகினால் ஆட்டம் மறுபடி ஓடும். பேட்டரிக் கவலையும் கிடையாது.